38 லட்சத்துக்கு சென்னையில் தனி வீடு... விலை ஏன் குறைவு என்று கேட்டீர்களா?

'ஓட்டேரி பக்கத்துல தனி வீடு சார். 450 சதுர அடி மனை. கீழ ஹால், ஒரு ரூம், கிச்சன். மாடியில ஒரு ரூம். பழைய வீடுதான், ஆனா ஸ்ட்ராங். 38 லட்சம் சொல்றாங்க. நேர்ல வந்தா பேசி முடிச்சிடலாம்.'

சென்னையில் வீடு தேடுகிறவர்களின் வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறையாவது இப்படி ஒரு தகவல் வந்து விழும். ஓட்டேரிக்குப் பதில் வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை, சைதாப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை என்று ஊர் மாறும். 400, 450, 600 என்று சதுர அடி மாறும். 'பழைய வீடுதான், ஆனா ஸ்ட்ராங்' என்ற வரி மட்டும் மாறவே மாறாது.

படித்ததும் ஆசை வருவது இயல்பு. அதே பணத்துக்கு ஃப்ளாட் என்று கிளம்பினால், புரோக்கர் கூடுவாஞ்சேரிக்கோ திருவள்ளூருக்கோ கூட்டிப்போவார். இங்கே என்றால் பிள்ளைகளின் பள்ளி மாற வேண்டாம், அம்மாவுக்குப் பழகிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கும், அலுவலகத்துக்கு ஒரே பஸ். ஃப்ளாட்டில் நிலம் என்பது பத்திரத்தில் எழுதிய ஒரு பங்கு மட்டுமே. தனி வீட்டில் காலுக்குக் கீழே இருக்கும் மண் முழுக்க நம்முடையது. ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 436 சதுர அடி. 'சென்னைக்குள்ள எனக்கு ஒரு சென்ட் இடம் இருக்கு' என்று சொல்வதில் இருக்கும் நிம்மதியைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால், ஊருக்கு நடுவில் இருக்கும் வீடு அக்கம்பக்கத்து விலையைவிடக் குறைவாக வருகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அது கட்டடத்தில் இருக்கலாம், நிலத்தில் இருக்கலாம், காகிதத்தில் இருக்கலாம். கட்டடத்தில் என்றால் அது பணத்தால் சரியாகக்கூடிய விஷயம். மற்ற இரண்டும் அப்படியில்லை. பெரும்பாலானோர் வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், மாடியேறி விரிசலைத் தேடுகிறார்கள். பத்திரத்தை மட்டும் 'அப்புறம் வக்கீல் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

முதலில் கட்டடத்தைப் பார்த்துவிடலாம்.

பழைய சென்னை வீடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று 'மெட்ராஸ் டெரஸ்' கூரை. தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு இறுக்கிய தளம். இன்னொன்று, பிறகு வந்த சாதாரண கான்கிரீட் தளம். வயது அதிகம் என்பதற்காக முதல் வகையைக் கண்டு பயப்பட வேண்டாம். உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் கரையானும் ஈரமும் இல்லையென்றால் அது இன்னும் பல காலம் நிற்கும். அதைவிட வயது குறைந்த கான்கிரீட் வீடு மோசமாக இருப்பதும் உண்டு. கடற்கரை ஊரில் உப்புக்காற்று, கலவையில் நடந்த சிக்கனம், மாடியில் தேங்கிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, அடிப்பக்கக் காரையைத் தள்ளிவிடும். விட்டத்தில் திட்டுத் திட்டாகப் பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தால் அது வெறும் பூச்சு வேலையில் முடியாது. பழைய வீட்டில் புத்தம்புது ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்தால் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். புதுப் பெயின்ட் வாசனை வரும் வீட்டில் சுவரின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். உவர் பூத்த சுவரை எத்தனை கோட் பெயின்ட்டும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் மறைக்காது.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்ட சில ஆயிரம் ரூபாய் ஆகும். தளம் எத்தனை வருடம் தாங்கும், மேலே இன்னொரு மாடி எழுப்பலாமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேசும்போது அந்தக் காகிதத்தைக் காட்டிக் குறைக்கச் சொல்லவும் முடியும்.

சென்னைக்கே உரிய ஒரு தொந்தரவு தனியாக இருக்கிறது. வீடு அப்படியே நிற்க, சாலை மட்டும் வளர்ந்திருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் அரசுத் தரப்பில் அறிவுறுத்தல் வந்தது. ஆனால், ஏற்கெனவே பள்ளமாகிப்போன வீட்டை அது மேலே தூக்கிவிடாது. ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தும் வேலை இருக்கிறது. ஆனால், பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்குபோடும் வரிசை வீட்டுக்கு அது சுலபமாக ஒத்துவராது. ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றை ஒட்டிய தெருக்களில் வீடு பார்க்கிறவர்கள், 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்க வேண்டும். விற்பவரிடம் அல்ல, எதிர்வீட்டுப் பாட்டியிடம். 'இந்த ஜன்னல் வரைக்கும் வந்துச்சும்மா' என்று கையை வைத்தே காட்டுவார்.

மூன்று பக்கமும் அடைத்த நடு வீடு என்றால் பகல் 2 மணிக்குப் போய் லைட்டை அணைத்துவிட்டு நில்லுங்கள். வெளிச்சமும் காற்றும் எவ்வளவு என்பது ஒரே நிமிடத்தில் தெரியும். வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் இருந்தால், செங்குத்தான மாடிப்படியையும் பின்கட்டில் இருக்கும் கழிவறையையும் அவரையே நடந்து பார்க்கச் சொல்லலாம். மெட்ரோ வாட்டர் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு இரண்டும் வீட்டுக்குத் தனியாக இருக்கின்றனவா, பக்கத்து வீட்டோடு பொதுவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

கையெழுத்துப் போடாத தங்கை

இப்போது காகிதம். வடசென்னையிலோ திருவல்லிக்கேணியிலோ இருக்கும் பழைய சிறு வீட்டின் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். தாத்தா வாங்கிய வீடு. அவர் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் மூவர் அங்கேயே இருந்தார்கள், பெண்கள் இருவர் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறார்கள். பாகப்பிரிவினை நடக்கவே இல்லை. சொத்து வரி ரசீது மூத்த மகன் பேரில், ஈ.பி கார்டு இன்னமும் தாத்தா பேரில். இப்போது மூத்தவர் விற்கிறார். 'தங்கச்சிங்களுக்குக் கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சு சார், அவங்க கேட்க மாட்டாங்க' என்கிறார்.

கேட்க மாட்டார்கள் என்பது வேறு, உரிமை இல்லை என்பது வேறு. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, சுயமாகச் சம்பாதித்த சொத்தை விட்டுவிட்டு உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் அனைவருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன் திருமணமான பெண்கள் அதில் விடுபட்டிருந்தார்கள். 2005-ல் மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. அது பிறப்பிலேயே வரும் உரிமை, 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களில் பங்கின் அளவு அவரவர் சட்டப்படி மாறலாம். ஆனால், மகளுக்குப் பங்கு உண்டு.

ஆகவே, வாரிசுச் சான்றில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கையெழுத்து வேண்டும். கிரயப் பத்திரத்தில் அவர்களும் சேர்ந்து விற்க வேண்டும், அல்லது முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தந்திருக்க வேண்டும். இறந்துபோன ஒரு மகனுக்கு 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு வந்த பங்கை விற்க நீதிமன்ற அனுமதி கேட்கும்படி வக்கீல் சொல்வார். அலுத்துக்கொள்ளக் கூடாது. மாடித் தளத்தின் விரிசலைக் காட்டி விலையில் 2 லட்சம் குறைத்து வாங்கலாம். தங்கையின் கையெழுத்து இல்லை என்பதைக் காட்டி 10 லட்சம் குறைத்தால்கூட வாங்க முடியாது. வழக்கு வந்தால் அது உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும், விற்றவர் வாசலுக்குப் போகாது.

'வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கே' என்பார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது நல்ல வசதிதான். ஆனால், அதில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டுமே. பதிவு செய்யாத உயில், வாரிசுகளின் எண்ணிக்கை, பத்திரத்தைக் கைமாற்றாக அடகு வைத்து வாங்கிய கடன் எதுவும் அதில் தெரியாது. அதனால்தான் அசல் பத்திரத்தை, தாய்ப்பத்திரத்தோடு சேர்த்துக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். 'தொலைஞ்சுபோச்சு' என்றால், போலீஸில் புகார் கொடுத்து 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற சான்றும், நாளிதழில் கொடுத்த அறிவிப்பும் இருக்க வேண்டும். பத்திரத்தில் இருக்கும் அளவும், பட்டாவிலும் நகர நில அளவைப் பதிவேட்டிலும் இருக்கும் அளவும், நாடா பிடித்து அளந்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். 2,400 சதுர அடி கிரவுண்டில் 20 சதுர அடி குறைந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். 450-ல் 20 குறைந்தால் அது ஒரு கழிவறையின் அளவு.

வங்கி வக்கீல் பார்க்கிறாரே, போதாதா? அவர் பார்ப்பது வங்கி கொடுக்கும் பணத்துக்காக. உங்கள் கைப்பணத்துக்காகப் பார்க்கத் தனியாக ஒரு வக்கீல் தேவை. இதில் மிச்சம் பிடிக்க நினைப்பது வீண் சிக்கனம்.

வீடு உங்களுடையது, மண் யாருடையது?

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற கோயில் சார்ந்த பகுதிகளில் வீடு நம்ப முடியாத விலைக்கு வந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி 'இது கோயில் மனையா?' என்பதுதான். நிலம் கோயிலுடையது, தலைமுறைகளுக்கு முன் தரை வாடகைக்கு எடுத்து மேலே வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் விற்பது கட்டடத்தை மட்டும். வாடகை மனையில் வீடு கட்டியவர்களுக்குப் பாதுகாப்பு தரும் ஒரு சட்டம் 1921 முதல் சென்னையில் இருக்கிறது. ஆனால், 1996-ல் வந்த திருத்தம் கோயில் போன்ற சமய நிறுவனங்களின் நிலங்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. எனவே அறநிலையத் துறையின் அனுமதியும், உங்கள் பெயருக்கு வாடகைதாரர் மாற்றமும் இல்லாமல் அங்கே பணம் கொடுப்பது, சுவரை வாங்கிவிட்டு மண்ணுக்கு ஆக்கிரமிப்பாளராக நிற்பதற்குச் சமம்.

இன்னொரு வகை, வாரிய ஒதுக்கீட்டு வீடுகள். முன்பு குடிசை மாற்று வாரியம் என்றும் இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றும் அழைக்கப்படும் அமைப்பு ஒதுக்கிய மனைகளும் வீடுகளும், முழுத்தொகையும் கட்டி விற்பனைப் பத்திரம் வாங்கும்வரை ஒதுக்கீடு பெற்றவருக்கே சொந்தமாகாது. பிறகு அவர் எப்படி விற்பார்? 20 ரூபாய்ப் பத்திரத்தில் ஓர் ஒப்பந்தம், ஒரு பவர், ஒதுக்கீட்டு ஆணையின் நகல். இதைத்தான் 'பேப்பர்ஸ் எல்லாம் இருக்கு' என்பார்கள். பவர் பத்திரத்தாலும் விற்பனை ஒப்பந்தத்தாலும் சொத்து கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பல வருடமாக வாழ்ந்த வீட்டை, அவசரத்துக்கு விற்க நினைக்கும் குடும்பங்கள்தான். ஆனாலும், அவர்களிடம் இல்லாத உரிமையை அவர்களால் உங்களுக்குத் தர முடியாது.

வீட்டில் பழைய வாடகைதாரர் இருந்தால், அவர் காலி செய்து சாவி கைக்கு வந்த பிறகே பதிவு. 'நீங்க வாங்கினதும் போயிடுவார்' என்ற வாக்குறுதிக்கு எந்த மதிப்பும் இல்லை. போவதாக இருந்தால் அவர் இப்போதே போயிருப்பார்.

விலை குறைவு, கைப்பணம் அதிகம்

எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அந்த 38 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால், அது நினைத்ததுபோல் வராது.

வங்கி கடன் தருவது நீங்கள் பேசிய விலைக்கு அல்ல, அதன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்புக்கு. 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90% வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80% வரையும் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. உச்சவரம்புதான், உத்தரவாதம் இல்லை. கட்டடத்துக்கு வயதாகிவிட்டால் வங்கி கையை இழுத்துக்கொள்ளும். கட்டட அனுமதி வரைபடம் கிடைக்காத பழைய வீடு என்றால் சில வங்கிகள் தொடவே தொடாது.

மதிப்பீட்டாளர் 34 லட்சம் என்கிறார், வங்கி அதில் 80% தருகிறது என்று வையுங்கள். கடன் 27.2 லட்சம். மீதி 10.8 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9%, அதாவது 3.42 லட்சம். (2023-ல் பதிவுக் கட்டணம் 4 சதவிகிதத்திலிருந்து 2 சதவிகிதமாகக் குறைந்தபோது, வழிகாட்டி மதிப்பு உயர்ந்தது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிய கதை.) புரோக்கருக்கு ஒரு சதவிகிதம் என்றால் 38,000. தளம் ஒட்டுப்போட, வயரிங் மாற்ற, கழிவறை புதுப்பிக்க 5 லட்சம் என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், மொத்தம் 19.6 லட்சம். மாதத் தவணை, 8.5% வட்டியில் 20 வருடத்துக்குச் சுமார் 23,600 ரூபாய். ரிப்பேர் முடிகிற மூன்று மாதத்துக்கு இப்போதைய வீட்டு வாடகையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

இதையே, கட்டி முடித்த 50 லட்சம் ரூபாய் ஃப்ளாட்டோடு வைத்துப் பாருங்கள். வங்கி 40 லட்சம் தந்தால், கைப்பணம் 10 லட்சம். 9% பதிவுச் செலவைச் சேர்த்தாலும் 14.5 லட்சம்தான். தவணை அதிகம், சுமார் 34,700 ரூபாய் வரும். ஆக, விலையில் 12 லட்சம் குறைந்த பழைய வீட்டுக்குக் கைப்பணம் 5 லட்சம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. நகையையும் பி.எஃப் பணத்தையும் துடைத்து எடுத்துத்தான் இந்த 20 லட்சம் சேரும் என்றால், வீட்டுக்குள் போன முதல் வருடத்தில் வரும் எந்தச் செலவுக்கும் கையில் ஒன்றும் இருக்காது. கைப்பணம் இருக்கிறது, மாத வருமானம்தான் குறைவு என்கிற குடும்பத்துக்கு, உதாரணமாக வி.ஆர்.எஸ் வாங்கியவர்களுக்கு, இதே வீடு பொருத்தமாக இருக்கும். சம்பளம் நன்றாக வருகிறது, சேமிப்பு இல்லை என்கிற இளம் தம்பதிக்கு இது தவறான வீடு. வீட்டு விளம்பரங்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிப் பழக்கிவிட்டன.

இடையில் புரோக்கர், 'பத்திரத்துல 28 காட்டிக்கலாம், மீதி 10 கேஷா கொடுத்துடுங்க, ரெஜிஸ்ட்ரேஷன் மிச்சம்' என்பார். மிச்சமாவது 90,000 ரூபாய். வங்கிக் கடன் 28 லட்சத்தை வைத்துத்தான் கணக்காகும். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. பேரம் முறிந்தால், எழுத்தில் இல்லாத அந்த 10 லட்சத்தைக் கேட்டு எங்கே போவது?

'இப்போதைக்கு இப்படியே இருப்போம், பத்து வருஷத்துல இடிச்சுக் கட்டிக்கலாம்' என்று நினைப்பவர்கள் தெருவையும் அளக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று மூலம் உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 முதல் இருக்கிறது. ஆனால், அனுமதி சுலபமானாலும் விதி விதிதான். 'தொடர் கட்டடப் பகுதி' என்று வகைப்படுத்திய இடங்களில் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. மற்ற இடங்களில் விட வேண்டும். 15 அடி அகல மனையில் ஒரு பக்கம் 3 அடி போனால், இப்போது இருப்பதைவிடச் சின்ன வீடுதான் கட்ட முடியும். லாரி நுழையாத சந்து என்றால், ஜல்லியும் மணலும் தெருமுனையில் இறங்கித் தலைச்சுமையாக உள்ளே வரும். அந்தக் கூலி தனி. மெட்ரோ இரண்டாம் கட்டம் பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம் வழியாகப் போவதால் 'விலை ஏறும்' என்கிறார்கள். ஏறலாம். அதே காரணத்துக்காக, அந்த சர்வே எண்ணில் நில எடுப்போ சாலை விரிவாக்கமோ இருக்கிறதா என்பதையும் விசாரித்துவிட வேண்டும்.

இத்தனையும் பார்ப்பதற்குள் புரோக்கரிடமிருந்து நான்கு முறை போன் வந்திருக்கும். 'நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க, டோக்கனாவது போட்டுடுங்க.' போடலாம், சிறு தொகையாக, வங்கி வழியாக, ரசீதோடு. அடுத்து விற்பனை ஒப்பந்தம். 2012-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் அதையும் பதிவு செய்தாக வேண்டும். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடாவிட்டாலோ, உரிமையில் குறை இருப்பதாக வக்கீல் எழுத்தில் சொன்னாலோ, அந்தக் குறையைக் காட்டி வங்கி கடன் மறுத்தாலோ, அட்வான்ஸ் தொகை முழுவதையும் 15 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். விற்பவர் இதற்குச் சம்மதித்தால், மூத்தவரோடு சேர்ந்து அந்த இரண்டு தங்கைகளும் என்றைக்குப் பதிவு அலுவலகத்துக்கு வர முடியும் என்று கேட்டுத் தேதி குறிக்கலாம்.